மாமனாரின் மெமரி

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால்தான் மெமரிச் செலவைக் குறைக்கும் வேலையை மச்சான் கொடுத்தபோது மறுக்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பழைய வீடியோ டேப்புகளைக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றித் தரும் கம்பெனியின் முதலாளி. நான் அங்கே புரோகிராமர். காபி மெஷினின் பொத்தானை அழுத்துவதற்கே ஒரு முன்னுரை வழங்குபவர் அவர்.

"மெமரிங்கிறது தேசத்தோட செல்வம் மாதிரி, மாப்ள. நீங்க ஊதாரித்தனமா செலவழிக்கிறீங்க. எதுக்கு எல்லாத்துக்கும் நகல்? இனிமே இங்க நகல்ங்கிற பேச்சே இருக்கக் கூடாது."

"பேக்கப்புக்கும் சேர்த்தா, மச்சான்?"

"எல்லாத்துக்கும்தான். காதுல என்ன பஞ்சா?"

பாதி நியாயம்தான். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதியிருந்த புரோகிராம் ஒவ்வொரு ராட்சசக் கோப்பையும் முழுசாக மெமரிக்குள் இழுத்துப் போட்டது. அதில் ஒரு துண்டை நறுக்கினால் அதற்கென்று தனி நகல் பிறக்கும். நறுக்க நறுக்கக் குட்டி போட்டு, கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நிற்கும். மாற்றினேன். கோப்பு டிஸ்கிலேயே கிடக்கட்டும், வேண்டிய இடத்தை மட்டும் 'மெமரிவியூ' வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். வியூ என்றால் வெறும் பார்வை. பார்த்தால் தேய்ந்தா போகும் என்பார்கள். இது தேயும். கோப்பை எழுதும் அனுமதியோடு திறந்திருந்தால், அந்தப் பார்வையில் கை வைப்பது அசலிலேயே கை வைப்பதுதான்.

மெமரிச் செலவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. தானே கண்டுபிடித்ததாக மச்சான் ஊரெல்லாம் சொன்னார்.

பிறகு மாமனாரின் கோப்பு வந்தது. காலமான மனிதர், எழுபதாவது பிறந்தநாளில் பேசிய பேச்சு. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பூஞ்சை பிடித்த டேப், ஒருமுறை ஓடிக் கொடுத்துவிட்டு அறுந்துபோனது. புதுக் கிளைத் திறப்பு விழாவில் போடவேண்டும், இரைச்சலை மட்டும் நீக்கிக் கொடுங்கள் என்றார் மச்சான்.

"அப்பா குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சுங்க," என்றாள் மனைவி.

மாமனார் தொண்டையைச் செருமிவிட்டு முதலில் சொன்னது இது: "என் மூத்த மருமகன் ஒரு தண்டச்சோறு." மூத்த மருமகன் நான்தான். கூட்டம் சிரிக்கிறது. மச்சானின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மௌனமாக்க நினைத்தேன். ஒலி இருக்கும் இடத்தில் பூஜ்யங்களை நிரப்பினால் போதும். தொடக்கத்தைச் சொல்லி முடிவைச் சொல்லாவிட்டால், பைத்தான் கடைசிவரை போய்விடும். முடிவைக் குறிப்பிட மறந்துவிட்டேன் என்று பின்னால் மச்சானிடம் சொன்னேன். மறக்கவில்லை. அடுத்த வாக்கியத்தில் மாமனார் என் சகலையைப் புகழத் தொடங்கியிருந்தார்.

விழாவில் மாமனார் திரை நிறையக் கையை வீசி வாயசைத்தார். "ஸ்பீக்கர் வயரைப் பாருங்கப்பா," என்று மச்சான் மேடைக்கும் சுவருக்கும் ஓடினார். என் மனைவி திரையருகே போய் நின்று அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேக்கப் எங்க, மாப்ள?"

"நீங்கதானே வேணாம்னீங்க, மச்சான்."

வீட்டுக்கு வந்தும் அவள் அழுகை ஓயவில்லை. நானும் மனிதன்தானே. நறுக்க வேண்டிய இடம் சரிதானா என்று பார்க்க, அந்த முதல் வாக்கியத்தை மட்டும் முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தேன். கொடுத்துவிட்டேன். இப்போது நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைப் போடுகிறாள். "அப்பா எவ்வளவு தெளிவா பேசுறார் பாருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

மற்றபடி எனக்கு யார்மேலும் வருத்தம் கிடையாது. அடுத்த வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போகிறாள். அந்தத் துண்டும் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது. இடத்தை மிச்சம் பிடிப்பது என் தொழில், அவ்வளவுதான்.