நேப்பியர் டீச்சரின் வளர்ச்சி மதிப்பெண்

பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்று ஒன்பது பவுண்டு எடை இருக்கும், மேடம். பார்த்தால் தெரியாது. ஒன்றைத் தூக்கி மேசைமேல் கவிழ்ப்பது ஒரு வேலையே இல்லை. இருபத்தாறைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் பெருக்கி, துடைத்து, அடுத்த அறைக்குப் போய் இன்னும் இருபத்து மூன்றைத் தூக்கும்போதுதான் நமக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். நான் பதினாறு வருஷமாகத் தூக்குகிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்க விசாரணைக்கு முதலில் பெயர் வேண்டும்: ஆர்லிஸ் டாக்கெட். வயது அறுபத்தொன்று. முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தேன், அது மூடியபின் இங்கே வந்தேன். இந்தப் பள்ளியில் துடைப்பது, பாய்லர் பார்ப்பது, காற்றுக்குழாய் பார்ப்பது, பனி பெய்தால் வாசலில் உப்புத் தூவுவது எல்லாம் நான்தான். நாற்பத்தேழு வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன், சர்ச்சின் கீழ்த்தளத்தில், வியாழக்கிழமைகளில். இன்னும் வேகம் வரவில்லை. அரசாங்கம் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தால் வாரத்துக்கு ஒரு பக்கம்தான் படிப்பேன்.

எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர்தான். ஐந்தாம் வகுப்புக்கு வெர்னா நேப்பியர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். கடைசி மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் தலையைக்கூடத் தூக்காமல் "நாற்காலி" என்பார். இருபத்தாறு பிள்ளைகளும் எழுந்து ஆளுக்கொரு நாற்காலியை மேசைமேல் கவிழ்த்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். இந்தக் கட்டடத்தில் அப்படிச் சொல்கிற ஒரே ஆள் அவர்.

நான்காம் வகுப்புக்கு டென்டன் சைஸ்மோர். குறை சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவருக்கு எதைச் செய்தாலும் ஜிகினாத் தூள் வேண்டும். சூரிய மண்டலத்துக்கு ஜிகினா, எரிமலைக்கு ஜிகினா, நாட்டின் தலைவர்களுடைய தாடிக்கு ஜிகினா. ஜிகினாவைப் பெருக்க முடியாது மேடம், இடம் மாற்றத்தான் முடியும். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைநகரிலிருந்து சட்டம் வந்தது. இனி டீச்சர்களை அளந்து பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஐந்து உசத்தி, ஒன்று மட்டம். அளக்கிற விதம் சுலபம். பிள்ளைகள் போன வருஷப் பரீட்சையில் என்ன வாங்கினார்கள், இந்த வருஷம் என்ன வாங்கினார்கள், நடுவில் எவ்வளவு ஏறியிருக்கிறார்கள். அதற்கு வளர்ச்சி மதிப்பெண் என்று பெயர். எங்கள் விளையாட்டு மாஸ்டருக்கு அளக்க எதுவும் கிடைக்காததால், பிள்ளைகளின் வாசிப்பு மார்க்கை எடுத்து அவர் தலையில் கட்டினார்கள். பாவம், மனிதர் அதற்கப்புறம் பந்தை எறியும்போது எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே எறிந்தார்.

முதல் வருஷம் நேப்பியர் டீச்சருக்கு ஒன்று வந்தது. பிரின்சிபல் ஹாஸ்கின்ஸ் காகிதத்தோடு வந்தார். நான் குப்பைத்தொட்டிப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு வந்த புள்ளைங்க டீச்சர். உங்ககிட்ட தொண்ணூத்தேழு ஆயிட்டாங்க. கீழ எறங்கிட்டாங்கன்னு போட்டிருக்கு."

"நூத்துக்கு மேல மார்க் போட உங்க மெஷின்ல வழி இருக்கா?"

"மெஷின் என்னுதா டீச்சர்? எழுதியிருக்கிறத நான் படிச்சுச் சொல்றேன், அவ்வளவுதான்."

"இதே ரூம்ல எங்கிட்ட படிச்சவன்தானே நீ. அப்பவும் நல்லா சத்தமா படிப்ப. அர்த்தம் கேட்டா முழிப்ப."

அவர் போனபின் டீச்சர் என்னிடம் சொன்னார்: "மூணு வருஷம் தொடர்ந்து ஒண்ணு வந்தா வீட்டுக்குப் போகணுமாம் ஆர்லிஸ்."

"உங்களுக்குப் பதிலா யாரு டீச்சர் வருவாங்க?"

"யாராவது சின்ன வயசுப் பொண்ணா வரும். இப்பல்லாம் அதுங்க நாற்காலியே வேணாங்குதுங்க. புள்ளைங்கள பெரிய ரப்பர் பந்து மேல உக்கார வெக்கிறாங்க."

இருபத்தாறு ரப்பர் பந்துகள். மேசைமேல் வைத்தால் நிற்காது. நான் அதை ரொம்ப நேரம் யோசித்தேன்.

பிரின்சிபல் குப்பையில் போட்ட சட்டப் புத்தகத்தை எடுத்து அந்த வாரமே படிக்க ஆரம்பித்தேன். புரிந்துகொள்ள முடியாத விஷயம் ஒன்றுமில்லை. டீச்சருடைய பிள்ளைகள் இறங்கவில்லை. ஏற இடமில்லை. சைஸ்மோர் சார் அவர்களைக் கூரை வரைக்கும் ஏற்றிவிட்டுத்தான் ஐந்தாம் வகுப்புக்கு அனுப்புகிறார். தப்பு அங்கே இருக்கிறது. இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளும் ஏற்கெனவே தொண்ணூற்றெட்டு வாங்கி முடித்துவிட்டார்கள், அதை மாற்ற முடியாது. ஆகவே இரண்டாவது ஒன்றும் நிச்சயம். மிச்சம் இருப்பது மூன்றாவது வருஷம், அதாவது இந்த வருஷம். இந்த வருஷத்துக்கான பிள்ளைகள் அப்போது நான்காம் வகுப்பில் ஜிகினா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அந்த ஏப்ரல் பரீட்சையில் கொஞ்சம் குறைவாக வாங்கினால் போதும். அடுத்து டீச்சரிடம் வந்து தானாக ஏறுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் நான் நினைக்கவில்லை. குறைவாக வாங்குவது வேறு, கெட்டுப்போவது வேறு.

ஒன்று மட்டும் உறுத்தியது. நான்காம் வகுப்பு விழுந்தால் சைஸ்மோர் சாருக்கு ஒன்று வரும். அவரைப் பள்ளத்தில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அடுத்த வருஷம் அவர் எழுந்துகொள்ள வேண்டுமானால் அவரிடமும் குறைந்த மார்க்கோடு பிள்ளைகள் வர வேண்டும். எனவே மூன்றாம் வகுப்பையும் சேர்த்துக்கொண்டேன். மிஸ் லவலுடைய வகுப்பு. இரண்டு அறைக்கும் ஒரே காற்றுக்குழாய், தனி வேலையும் இல்லை.

பரீட்சை நாள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சுவரில் உள்ள படங்களை எல்லாம் பழுப்புக் காகிதத்தால் மூடுவார்கள். மூளைக்கு நல்லதென்று ஆளுக்கொரு புதினா மிட்டாய் கொடுப்பார்கள். என் பாலிஷ் மெஷின் அன்று ஓடக்கூடாது, சத்தம் என்பார்கள். நான் சத்தம் போடவில்லை. காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கத்து வெப்பத்தை எண்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, பிள்ளைகளுக்கு வியர்க்கிற அளவுக்கு, ஏற்றினேன். ஒன்பதரைக்கு, பெற்றோர் சங்கம் வெள்ளிக்கிழமைகளில் விற்கிற பாப்கார்ன் மெஷினைக் காற்றுக்குழாயின் வாய்க்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டுபோய்ப் பொரிக்க ஆரம்பித்தேன். வெண்ணெய் தாராளமாக விட்டேன்.

பிறகு துடைப்பத்தோடு நடையில் நின்றேன். நான்காம் வகுப்பில் ஒரு குரல் கேட்டது.

"சார், பாப்கார்ன் வாசன வருது."

சைஸ்மோர் சார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பரீட்சையில் டீச்சர்கள் அச்சடித்துக் கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று உங்கள் சட்டம்.

"மொதல்ல முடிக்கிறவங்களுக்குத் தருவாங்களா சார்?"

அவர் அச்சடித்ததைப் படித்தார்: "உங்களால் முடிந்த அளவு சிறப்பாகச் செய்யுங்கள்."

"தருவாங்கடா டேய்," என்றது இன்னொரு குரல்.

ஒன்றே கால் மணி நேரப் பரீட்சையைப் பத்தொன்பது நிமிஷத்தில் முடித்தார்கள். மூன்றாம் வகுப்பில் பதினான்கு நிமிஷம். அணில் குளிர்காலத்துக்கு எதைச் சேமித்தது என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு பாப்கார்ன் என்று எழுதியிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். நான் வாக்குத் தவறவில்லை. எல்லோருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்தேன்.

நான்காம் வகுப்பு அறுபதுக்கு இறங்கியது. சைஸ்மோர் சாருக்கு ஒன்று. எல்லாம் நினைத்தபடி நடந்தது. ஆனால் அந்த ஏப்ரலில் நான் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில்தான் இருந்தேன். மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் தேறாத பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போகக்கூடாது என்பது முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

இருபத்து மூன்று பேரில் இருபத்தோரு பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். தேறிய இருவரில் ஒருத்திக்கு அன்று ஜலதோஷம். இன்னொருவனுக்குச் சோளம் ஒத்துக்கொள்ளாது.

ஊரில் கலவரம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இங்கே கூடைப்பந்து ஆடுகிற பையனை ஒரு வருஷம் நிறுத்திவைப்பது நல்ல காரியம். அவன் வகுப்பில் அவன்தான் உயரம். ரஸ்ஸல் பௌலன் என்று ஒருவர், லாரி ஓட்டுபவர், அவர் மகனும் நின்றுவிட்டான். சர்ச் வாசலில் என் தோளில் தட்டினார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் ஆர்லிஸ். கவர்மெண்டே செஞ்சு குடுத்துடுச்சு."

"எல்லாம் நல்லதுக்குத்தான்," என்றேன்.

மிஸ் லவலுக்கு அந்த இருபத்தோரு பேரும், கீழேயிருந்து வந்த இருபத்து நான்கு பேருமாக நாற்பத்தைந்து பிள்ளைகள். அவர் இப்போது மைக் வைத்துப் பேசுகிறார். சைஸ்மோர் சாருக்கு இரண்டே பிள்ளைகள். காலையில் வருகைப் பதிவு எடுக்க மூன்று வினாடி ஆகும். கிறிஸ்துமஸோடு அவர் வேலையை விட்டுவிட்டார், இப்போது டிராக்டர் கடையில் இருக்கிறார். அந்த இரண்டு பிள்ளைகளையும் நூலக அம்மா பார்த்துக்கொள்கிறார். போகிற அன்று சைஸ்மோர் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்க தப்புப் பண்ணேன்னு இன்னும் புரியல ஆர்லிஸ். அதே பாடம், அதே நான்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்," என்றேன். பொய் சொல்லவில்லை.

அவருடைய அறையை இப்போது பதினொரு நிமிஷத்தில் துடைத்துவிடலாம்.

ஆக, நேப்பியர் டீச்சர் பிழைத்தார் என்றுதான் இருந்தேன். இந்த வருஷம் அவரிடம் அறுபதில் வந்த பிள்ளைகள் மாதிரிப் பரீட்சையில் தொண்ணூற்றைந்து வாங்கினார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் நான் தரையைத் துடைக்கப் போனபோது அவர் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவ எனக்கு அஞ்சு வரும் ஆர்லிஸ். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம். வந்து என்ன பண்றது?"

"ஏன் டீச்சர்?"

"அடுத்த வருஷம் அஞ்சாங்கிளாசுக்கு வரப்போறது ரெண்டே புள்ளைங்க. ரெண்டு புள்ளைக்கு ஒரு டீச்சர் எதுக்குன்னு கேட்டு எழுதியிருக்காங்க. ஜூனோட முடிஞ்சுது. நாற்காலியையும் வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம்."

முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அழவில்லை. பலகையைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த பலகையை.

நான் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. கீழேயிருந்து வரமாட்டார்கள் என்றால், இருப்பவர்கள் இருக்க வேண்டும். போன மாதம் எழுபத்து நான்காம் பக்கத்துக்கு வந்தேன். எந்த வகுப்பிலும் கடைசி மட்டம் வாங்கிய பிள்ளையை, பெற்றோர் எழுதிக் கேட்டால், அதே வகுப்பில் இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே போட்டிருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று அப்பாமார்களிடம் பேசினேன்.

"இன்னும் ஒரு வருஷம் இருந்தா உங்க பையன் எவ்வளவு வளருவான்?"

"நாலு இஞ்ச் வளருவான்," என்றார் ஒருவர்.

"நாலு இஞ்ச்," என்று நானும் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. பெண்பிள்ளைகள் வைத்திருக்கிறவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் பந்து ஆடுகிறார்கள்.

நீங்கள் போன வருஷத்துப் பரீட்சையைப் பற்றி விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மேடம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுதாகச் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாக ஆகிவிடும். இந்த வருஷத்துப் பரீட்சை நேற்று நடந்தது. ஐந்தாம் வகுப்புக்குத் தனிக் குழாய், அது பாய்லர் அறையிலிருந்து போகிறது. எண்பத்தெட்டு டிகிரி. இந்தத் தடவை கேரமல் பாகும் போட்டேன்.

பன்னிரண்டு நிமிஷம். இருபத்தாறு பேரும்.

டீச்சர் அச்சடித்ததை மட்டும் படித்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். அப்புறம் கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என் சட்டையில் பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி. நன்றி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, பரீட்சையில் பேசக்கூடாதே.

ஆகவே அடுத்த வருஷம் அவருக்கு முழு வகுப்பு. இனி அவரை யாரும் அனுப்ப முடியாது. ஐந்து வராதுதான். கடைசி மட்டத்தில் இருபத்தாறு பேர் இருந்தால் ஒன்றுதான் வரும். வரட்டும் மேடம், ஒரு ஒன்று வந்தால் என்ன குடி முழுகிவிடும். முந்தின வருஷம் ஒன்று. போன வருஷம் ஒன்று. இந்த வருஷம்

கொஞ்சம் இருங்கள்.

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள், மேடம். டீச்சர்களை அளந்தது அரசாங்கம். ஆர்லிஸ் டாக்கெட் சோளம் பொரித்தான், அவ்வளவுதான்.