கடைசி வரை எரிந்த விளக்கு

மத்ரோனா: தொடாதீங்க. எட்டி நின்னே பாருங்க.

மால்கோஸ்: தொடல. சேவல் படம் போட்ட விளக்கு எப்ப அணைஞ்சுது?

மத்ரோனா: வெளிச்சம் வரும்போதே. உங்கம்மா பேரு வச்சு ஏத்தினோமே, அதுதான்.

மால்கோஸ்: அம்மா எதுலயும் முந்திக்குவா...

மத்ரோனா: விளையாடாதீங்க. இன்னும் ரெண்டு இருக்கு. மீன் போட்டது யூஜீனியா, திராட்சைக் கொடி போட்டது தோம்னா. எது கடைசி வரைக்கும் எரியுதோ அந்தப் பேருதான் பாப்பாவுக்கு. அப்பதான் ஆயுசு நீளும்.

மால்கோஸ்: பிள்ளை பெத்து ஏழு நாள்தான் ஆகுது. ராத்திரி பூரா நீ கண்ணு மூடல. கொஞ்சம் படு, நான் பாத்துக்கறேன்.

மத்ரோனா: மாட்டேன்.

மால்கோஸ்: மடியில என்ன?

மத்ரோனா: எண்ணெய்க் குடுவை.

மால்கோஸ்: அதை எதுக்கு...

மத்ரோனா: யாரும் எடுத்து ஊத்திடக் கூடாது. நீங்களும்தான்.

மால்கோஸ்: இங்க பாரு... ரெண்டையும் ஊதிடுவோம். கோயில்ல போதகர்கூட இந்த வழக்கத்தைத் திட்டித் தீர்த்தாரே. நமக்குப் பிடிச்ச பேரை வைக்கலாம்.

மத்ரோனா: போதகர் சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க? தேர்ப் பந்தயத்துக்குப் போறதை விட்டீங்களா?

மால்கோஸ்: ...இல்ல.

மத்ரோனா: அப்புறம் இதுக்கு மட்டும் என்ன அவசரம்?

மால்கோஸ்: பெரியவனுக்கும் இப்படித்தானே ஏத்தினோம். உங்கப்பா பேரு வச்ச விளக்குதான் விடிஞ்ச பிறகும் எரிஞ்சுது. எவோதியோஸ்னு ஊரெல்லாம் சொன்னோம். நாலு மாசம்... நாலே மாசம் இருந்தான்.

மத்ரோனா: அந்த விளக்கு... தானா எரியல.

மால்கோஸ்: என்ன சொல்ற?

மத்ரோனா: எல்லாரும் அசந்த நேரம் நான் எண்ணெய் ஊத்தினேன். எங்கப்பா பேரு நிலைக்கணும்னு ஆசை. இல்லாத ஆயுசை இருக்குன்னு காட்டினேன், அதான் பிள்ளை போயிட்டான். ஆறு வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். திட்டுங்க... ஏதாவது சொல்லுங்க.

மால்கோஸ்: நீ ஊத்தினதைப் பாத்தேன்.

மத்ரோனா: பாத்தீங்களா? பாத்துட்டா இத்தனை வருஷம்...

மால்கோஸ்: நிறைய ஊத்திட்ட. திரி முழுகி, நீ போய்ப் படுத்த கொஞ்ச நேரத்துல அணைஞ்சு போச்சு. உன் ஆசை வீணாப் போகுதேன்னு, அடுப்புல இருந்து நெருப்பு எடுத்து வந்து நான்தான் திரும்ப ஏத்தி வச்சேன். ஆறு வருஷமா... பிள்ளையைக் கொன்னவன் நான்னுதான் நினைச்சுட்டிருக்கேன்.