ஹோட்டல்காரர் கொடுத்த ஆர்டர்

மேஸ்திரி: வேணாம்னு சொல்லப் போறியா? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?

முதலாளியம்மா: கத்தாதீங்கண்ணே. வெளிய கேட்கும்.

மேஸ்திரி: கேட்கட்டுமே. அவனவன் தச்சுப் பட்டறைய இழுத்து மூடிட்டுப் போறான். நம்மளத் தேடி அரசாங்க ஆர்டர் வந்திருக்கு. இத்தனை பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு. அதப் போய்...

முதலாளியம்மா: சும்மா வரல. வியாபாரம் படுத்த நேரத்துல ஒரு ஆளையும் வேலைய விட்டு நிறுத்தாத பட்டறைக்குத்தான் கொடுக்கணும்னு புது உத்தரவு.

மேஸ்திரி: அதைத்தானே நானும் சொல்றேன். நீ யாரை நிறுத்தின?

முதலாளியம்மா: நாளைக்கு ஆபீசர் வர்றார். கையிருப்புல மரம் இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவார். நம்ம கொட்டகையில எலிதான் ஓடுது.

மேஸ்திரி: கடனுக்கு வாங்கு.

முதலாளியம்மா: மரக்கடைக்காரர் போனே எடுக்கல. பேங்க்ல வட்டியையும் ஏத்திட்டு, புதுக் கடனையும் நிறுத்திட்டாங்க.

மேஸ்திரி: அப்போ ஹோட்டல்காரரைக் கேளு. வாரா வாரம் நாற்காலி வாங்கிட்டுப் போறாரே, புண்ணியவான்.

முதலாளியம்மா: அவரை எப்படிண்ணே கேட்கிறது...

மேஸ்திரி: என்னம்மா?

முதலாளியம்மா: அண்ணே... அப்படி ஒரு ஆர்டரே இல்ல.

மேஸ்திரி: ம்.

முதலாளியம்மா: எல்லாம் படுத்ததுல இருந்து ஒரு ஆர்டரும் வரல. உங்களையெல்லாம் வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சும்மா உட்கார வெச்சு சம்பளம் கொடுத்தா வாங்க மாட்டீங்க. அதான் நானா ஒரு ஹோட்டல் பேரைச் சொல்லி... செஞ்ச நாற்காலியெல்லாம் வாடகைக் கிடங்குலதான் கிடக்கு.

மேஸ்திரி: சம்பளத்துக்கு என்ன பண்ணின?

முதலாளியம்மா: காரை வித்துட்டேன்.

மேஸ்திரி: உடம்பு குறைய நடக்கிறேன்னு சொன்னியே?

முதலாளியம்மா: உடம்பும் குறைஞ்சுதே.

மேஸ்திரி: நக்கலு. மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

முதலாளியம்மா: தெரியும். அவர் ஆபீஸ்லயும் பாதிச் சம்பளம்தான். நல்லா திட்டுங்கண்ணே. இருந்த மரத்தையெல்லாம் வேண்டாத நாற்காலிக்கு அறுக்க வெச்சுட்டு, இப்போ வாசலுக்கு வந்த வேலையத் திருப்பி அனுப்புறேன்.

மேஸ்திரி: நீ எந்த ஹோட்டல் பேரைச் சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

முதலாளியம்மா: ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற பெரிய ஹோட்டல்.

மேஸ்திரி: என் மருமகன் அங்கதான் சமையல்ல இருந்தான். அதை மூடினப்புறம் எங்க வீட்டோடதான் கிடக்கான். ஆர்டர்னு நீ சொன்ன அன்னைக்கே எங்களுக்கு விஷயம் தெரியும்.

முதலாளியம்மா: எங்களுக்குன்னா?

மேஸ்திரி: பட்டறையில எல்லாருக்கும்தான்.

முதலாளியம்மா: ஐயோ... ஏண்ணே கேட்கல?

மேஸ்திரி: கேட்டா நீ அழுவே. அப்புறம் பட்டறைய மூடுவே. எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணுமே தாயி.

முதலாளியம்மா: அதுக்காக, தெரிஞ்சே மரத்தை அறுத்தீங்களா?

மேஸ்திரி: நீ கிடங்கைத் திறந்து பார்த்தியா?

முதலாளியம்மா: ஒரு தடவை கூட போகல. பார்த்தா வயிறு எரியும்னு சாவிய வேன் டிரைவர்கிட்டயே விட்டுட்டேன்.

மேஸ்திரி: வாரா வாரம் மெருகு கூடிக்கிட்டே போகுது, பிரமாதம்னு பாராட்டினியே, மெருகு ஏன் கூடாம போகும்? அத்தனையும் முதல் வாரம் செஞ்ச அதே நாற்காலிங்கதான். கிடங்குக்குப் போகும், நீ வீட்டுக்குக் கிளம்பினதும் திரும்பி வரும். கழட்டுவோம், தேய்ப்போம், மாட்டுவோம், மெருகு போடுவோம்.

முதலாளியம்மா: விளையாடாதீங்கண்ணே. கொட்டகையில இருந்து நீங்க மரம் எடுத்ததை நானே பார்த்தேன். அதெல்லாம் எங்க போச்சு?

மேஸ்திரி: எடுக்கலேன்னா உனக்குச் சந்தேகம் வராதா? வேன்ல நாற்காலிக்கு அடியில போட்டு கிடங்குக்கு அனுப்பிட்டோம். முதல் வாரத்துக்கு அப்புறம் ஒரு பலகையில கூட ரம்பம் படல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளிய வா, பசங்க மரத்தை ஏத்திக்கிட்டு லாரியோட வந்து நிக்கிறாங்க. எந்தப் பக்கம் அடுக்கணும்னு நீதான் சொல்லணும்.