மூன்று தரம் ஊதினேன்

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. சோற்றில் உப்பு சரியாக இருந்தால் போதும், ஜனங்கள் வந்துவிடுவார்கள். மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

என் பெயர் பிச்சைமணி. போடிநாயக்கனூருக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பதினெட்டு வருஷமாகக் கங்காணி. நாற்பது பேர் என் கையில். பங்குனி, சித்திரையில் காய் எடுப்பு கிடையாது, சும்மா கிடப்பார்கள். ஜெர்மன் சண்டை முடிந்து மூன்றாம் வருஷமான இந்தப் பங்குனியில், கீழே ஊரில் அரசியல் பற்றிக்கொண்டது. ஜவுளிக்கடை காசிராஜன் கதர் கட்டிக்கொண்டு சுயராஜ்யம் கேட்டார். ரோடு காண்டிராக்டர் ஜக்கையன் ராஜபக்திச் சபை தொடங்கி, சுயராஜ்யம் கூடாது என்றார். இருவருக்கும் ஏற்கெனவே கோயில் முதல் மரியாதையில் தகராறு. இவர் ஒரு மேளம் வைத்தால் அவர் இரண்டு வைப்பார். அவர் சக்கரவர்த்திக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டால், இவர் அந்த நன்றியைக் கண்டித்துத் தீர்மானம் போடுவார். இருவருக்கும் ஆள் வேண்டும். இருவருமே என்னிடம்தான் கேட்டார்கள்.

காலையில் என் ஆட்கள் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு சீமைத் துணியை எரிப்பார்கள். பிறகு வாய்க்காலில் முகம் கழுவி, மார்பில் சக்கரவர்த்தி படத்தைக் குத்திக்கொண்டு, சாயங்காலம் எதிர்க் கூட்டத்தில் வாழ்க போடுவார்கள். உடம்பில் புகை வாடைகூடப் போயிருக்காது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்களுக்குக் கூட்டம் கிடைத்தது, கேப்பைக் களி தின்கிற என் ஜனங்களுக்கு இரண்டு வேளை நெல்லுச்சோறு கிடைத்தது.

கெடுத்தது சோலைமலை. என் தங்கை மாயக்காளின் புருஷன். தேவாரத்தில் பிழைப்பில்லாமல் கிடந்தவனை மலைக்குக் கூட்டிவந்து, சோலி கொடுத்து, தங்கையையும் கொடுத்தவன் நான். அவன் மேடைப் பேச்சைக் காதில் வாங்க ஆரம்பித்தான். ஒரு சாயங்காலம் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்றான்.

"விளையாடாத மாப்ளே. வெரசா கழட்டு, அங்கிட்டு மேளம் அடிச்சிட்டாங்க."

"காலையில ஒண்ணு, பொழுதுசாய ஒண்ணுன்னு கத்துறதுக்கு வெக்கமா இல்லையா மச்சான்? நீங்க போங்க. நான் வரல."

மீதிப் பேரோடு நான் போனேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரை கடைசியில் இரண்டு தரப்பும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கடைவீதி என்று பிடிவாதம் பிடித்தார்கள். நான் ஆட்களைப் பாதியாகப் பிரித்தேன். இருபது பேர் சுயராஜ்யம், இருபது பேர் ராஜபக்தி. எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் ஒழிக என்றார்கள். புருஷன் அந்தப் பக்கம், பெண்டாட்டி இந்தப் பக்கம். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாயக்காளை ராஜபக்தியில் நிறுத்தியிருந்தேன்.

அந்தச் சிரிப்பைச் சோலைமலை பிடித்துக்கொண்டான். தெருவின் தாழ்ந்த முனையில் நின்ற பாரவண்டி மேல் ஏறினான்.

"அண்ணே, ஆத்தா, எல்லாரும் கேளுங்க. அங்கிட்டு நிக்கிறதும் நாமதான், இங்கிட்டு நிக்கிறதும் நாமதான். கங்காணி நம்மள ஆடு மாதிரி ரெண்டு பட்டியிலயும் அடைச்சிருக்காரு. இனிமே யாரு கூப்பிட்டாலும் போக வேணாம். நடுவுல வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். எல்லோரும். மாயக்காள் படத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். காசிராஜனும் ஜக்கையனும் முதல் தடவையாக ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத்தான் பார்த்தார்கள். காய்ச்சல் என்றால் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவன் நான். பிரசவ வலி என்றால் டோலி கட்டிக் கீழே இறக்கியவன் நான். ஒருத்தராவது என் முகத்தை ஏறிட்டுப் பார்த்திருக்கலாம். துரோகம் என்றால் அதுதான் ஐயா.

மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆனை என்று வாயால் சொல்ல மாட்டோம், சொன்னால் வந்துவிடும். அது வந்தால் கங்காணி கொம்பை மூன்று தரம் ஊதுவார். கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, சரிவைப் பார்த்து ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யாருக்காகவும் நிற்கக் கூடாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து பழகிய ஓட்டம் அது, யோசிக்க விடாது. கொம்பு எப்போதும் என் தோளில் தொங்கும்.

கடைவீதியின் மேட்டு முனையில் நின்று மூன்று தரம் ஊதினேன்.

ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து ஊர்ச்சனமும் ஓடியது. இரண்டு கூட்டமும் சேர்ந்து ஐந்நூறு பேர் இருக்கும். சோலைமலை ஓடவில்லை. வண்டியிலிருந்து குதித்து, குறுக்கே நின்று, இரண்டு கையையும் விரித்தான். "பொய்யி, நில்லுங்க, நில்லுங்க" என்றான். அவன் மேலேயே போனார்கள். என் ஆட்களில் ஒருத்தி, இருளம்மாளும் இடுப்புப் பிள்ளையோடு விழுந்துவிட்டாள். மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான்.

இப்போது காசிராஜன், ராஜபக்திக்காரர்கள் கொன்றார்கள் என்கிறார். ஜக்கையன், கதர்க்காரர்கள் கொன்றார்கள் என்கிறார். சோலைமலை தங்கள் ஆள் என்று இருவருமே சொல்லி, வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு அனுதாபக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் என்னிடம்தான் ஆள் கேட்டார்கள். மேலே போய்க் கூப்பிட்டேன். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. ஊதியது யார் என்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் கீழே வந்து சொல்ல மாட்டார்கள். நான் செய்ததை இந்த இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அன்று ஆனை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். சோலைமலை ஓட மாட்டான், தடுக்கத்தான் நிற்பான் என்பதும் தெரியும். தெரிந்தேதான் ஊதினேன்.

மாயக்காள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். துக்கம், நாளானால் ஆறிவிடும். அவள் மனசு எனக்குத் தெரியாதா? அன்று புருஷன் நில்லு என்று கையை விரித்தான், நான் ஓடச் சொன்னேன். அவள் என் பேச்சைத்தான் கேட்டாள்.