நேற்றுதான் தண்ணி ஊத்தினேன்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறிய அக்காவும் தம்பியும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்கிக் கொப்புளத்துக்குக் குயவர் எழுதிய காவி அவள் இடுப்பில் காய்ந்திருந்தது. மடியில் மகள் தூங்கினாள்.

“உன் உடம்புல இருக்கிற செல்லு இப்ப கிருமி பேச்சைத்தான் கேக்குதுக்கா,” என்றான் தம்பி. “அதோட புரோட்டீன் உள்ள பூந்து, எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு ஆர்டர் போடுது. காலேஜ்ல படிச்சோம்.”

“எந்தக் கிருமிடா?”

“சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டுச்சே, அதான்.”

“அது அப்பவே எறங்கிடுச்சே! தலைக்குத் தண்ணி ஊத்தினாங்களே!”

“எறங்கலக்கா. நரம்புல தூங்கிட்டிருந்துச்சு. இப்ப அக்கியா முழிச்சுக்கிச்சு.”

அவள் குனிந்து மகளைப் பார்த்தாள். அம்மைப் பொருக்கு முகத்தில் இன்னும் உதிரவில்லை.

“இவளுக்கு நேத்துதான்டா தண்ணி ஊத்தினேன்.”

கோயில் மலை தெரிந்ததும் பஸ்ஸே கைகூப்பியது. அவள் மட்டும் மகளைப் பிடித்த கையை எடுக்கவில்லை.