நாப்பத்தொண்ணாவது கைநாட்டு

ஐயா, அந்தச் சொக்ஸக் கழட்டாதீங்க. வேணாங்கய்யா, விடுங்க. புள்ள சிரிக்கிறான்னு நீங்க இழுக்குறீங்க, பொறகு குளிர்ல கத்துவான். ஒரு காலுக்கு மட்டும் ஏன்னா... மத்தது காணாமப் போயிருச்சிங்க. லயத்து வீட்டுக் கொடியில காயப்போட்டேன், காத்து கொண்டு போயிருச்சி. ஆறு மாசம் முடிஞ்சிருச்சிங்க. பேரு இன்னும் சரியா வைக்கல, குட்டின்னுதான் கூப்புடுறோம். நீங்க டீயக் குடிங்க.

இல்லிங்க, நான் போகல. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் கேக்காமலே டீ கொண்டுவந்தேன். கதவ மட்டும் சாத்தாதீங்க. மேனேஜரு ஐயா வந்தா பலகப் படியில சப்பாத்துச் சத்தம் கேக்கும். அது எனக்குக் கேக்கணும். பேங்குக்குப் போயிட்டு, ஸ்டேசன்ல ஒங்களுக்கு டிக்கெட்டும் எடுத்துக்கிட்டு வாறேன்னு போயிருக்காரு. இங்க வேலை பாக்குற டோரீன் மிஸ் சாப்பிடப் போயிருச்சி. அரை மணித்தியாலம் இருக்கும், அதுக்குள்ள சொல்லிருவேன். சொல்ல வாய் வருமான்னுதான் தெரியல. பாருங்க, சோசர்ல பாதி டீ கொட்டியிருக்கு. மன்னிச்சிக்கங்க.

கணக்குப் பாக்க வந்து ரெண்டு நாளா நீங்க எல்லார்கிட்டயும் இங்கிலீசுலயே பேசுனீங்களா, தமிழ் தெரியாதுன்னு நெனைச்சிட்டேன். இன்னைக்கிக் காலையில இவன் தும்முனப்ப, தலைய நிமித்தாமலே நூறுன்னு சொன்னீங்க பாருங்க. அப்பத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். சொன்னா வெளங்கிக்குற ஆளு, சொல்லாம இருந்தா என் குத்தம்னு ஆயிருச்சி.

பூரணிங்க. ஆமா, இந்தக் கந்தோர்ல கூட்டித் தொடைக்கிறது, டீ ஊத்துறது. முந்தி கொழுந்து பறிச்சேன். வீட்டுக்காரரு அழகன், மேட்டுத் தோட்டத்துல தேயிலை கவ்வாத்து வெட்டுறாரு. நான் நாலாம் வகுப்பு. டோரீன் மிஸ் சொல்லும், பூரணி வாய்க்குப் பூட்டு, சாவி புருசன் இடுப்புலன்னு. நான் சிரிச்சிட்டுப் போயிருவேன். அதனாலதானோ என்னமோ, நான் நிக்கிறப்பவே எல்லாத்தையும் பேசிக்குவாங்க. செவுத்துக்கு முன்னால பேசுற மாதிரி.

அப்பிடித்தானுங்க ஒங்க புது விதியப் பத்தியும் கேட்டேன்.

இல்லிங்க, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கேட்டதச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. முந்தியெல்லாம் காணிக்கு அட்வான்ஸ் கட்டின அன்னைக்கே, காணி வித்தாச்சி, இவ்வளவு லாபம்னு புஸ்தகத்துல போட்டுக்குவாங்களாம். இப்ப அப்பிடிப் போடக் கூடாதாம். காணிய அளந்து, முளை அடிச்சி, வாங்குனவன் கையில பாரங்குடுத்தாத்தான் வித்தது. அது வரைக்கும் வாங்குன காசு அவன் காசுதான், கம்பெனி அவனுக்குக் கடன். சரிங்களா? நான் அத எப்பிடிப் புடிச்சிக்கிட்டேன்னா, கொழுந்து எங்க கூடையில எவ்வளவு இருந்தாலும் அது நம்ம பேர்ல பதியாதுங்க. கணக்கப்புள்ள தராசுல தூக்கித் துண்டுக் கடதாசியில எழுதுனாத்தான் கொழுந்து. வழியில கொட்டிப்போனா நட்டம் நம்மளோடது.

சிரிக்கிறீங்க. ஆனா மேனேஜரு ஐயா சிரிக்கலிங்க. அன்னைக்கிக் கொழும்புல பெரிய கந்தோர்லருந்து டெலிபோன் வந்திச்சி. யெஸ் சேர், யெஸ் சேர்னு நின்னுக்கிட்டே பேசுனாரு. வச்சிட்டு டோரீன் மிஸ்கிட்டச் சொன்னாரு, போன வருசம் லாபம்னு எழுதினதெல்லாம் இந்த வருசம் கணக்குப் பாக்க வாறவன் கடன்னு திருப்பி எழுதச் சொல்லுவான், எழுதினா பேங்குக்காரன் கதவ மூடுவான், நானும் நீயும் ரோட்டுலன்னு. அந்தம்மா அழுதிச்சி. அவரும் மொகத்தத் தொடச்சிக்கிட்டாரு. பயந்து போயித்தான் இருந்தாரு. அவர மோசமான ஆளுன்னு நான் சொல்ல மாட்டேங்க. இவன் பொறந்தப்ப ரெண்டு டின் பால்மாவு வாங்கிக் குடுத்தவரு. கந்தோருக்குப் புள்ளயத் தூக்கிக்கிட்டு வான்னு வேற யாரு சொல்லுவா?

காணியா? பாத்திருக்கேங்க. றொசல்ல ஸ்டேசன்ல எறங்கி மேல நடக்கணும், ஒரு பழைய தேயிலை மலை. ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணின்னு சொன்னாங்க. நாப்பத்தொரு குடும்பம். இன்னைக்கி வரைக்கும் ஒரு முளை அடிக்கல. போன மாசங்கூட எங்க வீட்டுக்காரரோட போயிப் பாத்தேன், தேயிலதான் நிக்குது, ஆரோ கொழுந்து பறிச்சிக்கிட்டு இருந்தாங்க. எங்க காணி எதுங்கன்னு கேட்டா, அந்தப் பொம்பளைங்க எங்களப் பாத்து, போங்க, போயி நெழல்ல ஒக்காருங்கன்னு கேலி பண்ணுறாங்க.

எண்பத்து மூணு கலவரத்துல எங்க லயத்துக்குத் தீ வச்சாங்கங்க. தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். விடிஞ்சதும் தொர வந்து, கூரை தோட்டத்துக் கூரை, தோட்டம் பாத்துக்கும்னு சொன்னாரு. அப்பத்தான் எங்க வீட்டுக்காரருக்கு ரோசம் வந்திச்சி. நம்ம பேருல ஒரு காணி உறுதிப் பத்திரம் இருக்கணும், நம்ம கூரைன்னு சொல்லணும். அப்பிடித்தான் எல்லாரும் அட்வான்ஸ் கட்டினாங்க. மாயாண்டி அண்ணன் மாட்ட வித்தாரு. வீரம்மா அக்கா வயசாகி வேலையிலருந்து நின்னப்ப வந்த சேமலாபக் காச அப்பிடியே கொண்டாந்து குடுத்திச்சி. எங்க அவரு சைக்கிள வித்தாரு, என் தோடு போச்சி.

சரி, விசயத்துக்கு வாறேன். நேரம் ஓடுது.

நீங்க வாறதுக்கு முந்தியே கடதாசி கேட்டீங்களாமில்ல? வாங்குன சனம் காணியப் பாரமெடுத்துக்கிட்டோம், ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக் குடுத்த கடதாசி. அந்தா, ஒங்க முன்னால இருக்கே, அதுதான். நாப்பத்தொண்ணு. எல்லாம் கைநாட்டு. அதுல ஒண்ண மட்டும் நீங்க கண்ணாடி வச்சிப் பாத்து ஒரு பக்கமா எடுத்து வச்சிருக்கீங்க. அதப் பத்திப் பொறகு சொல்றேன்.

திங்கக்கிழமை மேனேஜரு ஐயா என்னைய சாமான் அறைக்குக் கூப்பிட்டாரு. கடதாசிக் கட்டும் சீல் குத்துற மைப்பெட்டியும் மேசையில இருந்திச்சி. சனத்தக் கூப்பிட நேரமில்ல பூரணி, அடுத்த வருசம் எப்பிடியும் காணி குடுக்கத்தான் போறோம், இது சும்மா ஒரு சடங்குன்னாரு.

எழுந்திரிக்காதீங்கய்யா. ஒக்காருங்க. சத்தம் போடாதீங்க.

ஆமாங்க. நாப்பதும் என் விரல்தான்.

ஒரே விரல வைக்காத, மாத்தி மாத்தி வையின்னாரு. சாச்சி வையி, பாதி படட்டும்னாரு. கொழுந்து பறிச்ச விரலுங்களா, கறையும் வெடிப்புமா இருக்கு, தோட்டத்துக் கைன்னு பாத்தாலே தெரியும், அதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டிருக்காரு. அவரு பேர வாசிப்பாரு, நான் வைப்பேன். மாயாண்டின்னாரு, வச்சேன். செல்லசாமின்னாரு, வச்சேன். வீரம்மான்னு வாசிச்சப்ப கை எழும்பல. அந்தக்காதான் எனக்குப் பிரசவம் பாத்தது. அவரு திருப்பியும் வாசிச்சாரு. வச்சிட்டேன்.

ஏன் மாட்டேன்னு சொல்லலியா? எனக்கு அந்த வார்த்த வராதுங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல.

வச்சிக்கிட்டு இருக்கிறப்பத்தான் ஒங்க விதி ஞாபகம் வந்திச்சி. காணி குடுக்காத வரைக்கும் கம்பெனி எங்களுக்குக் கடன். இந்தக் கடதாசி போனா, குடுத்தாச்சி. கடன் இல்ல. நாளைக்கி வீரம்மா அக்கா காசத் திருப்பித் தாங்கன்னு வந்து நின்னா, நீதான் காணிய எடுத்துக்கிட்டியே, இந்தா ஒன் கைநாட்டுன்னு சொல்லுவாங்க. என் விரலக் காட்டி அந்தக்காவத் தொரத்துவாங்க. சரிதானுங்களே? நீங்க இல்லன்னு சொன்னா நான் நிம்மதியாப் போயிருவேன்.

பேனாவ மூடி வைக்கிறீங்க.

நீங்க கையெழுத்துப் போட்டுட்டு மூணு மணிக் கோச்சியில போயிருவீங்கன்னு டோரீன் மிஸ் சொல்லிச்சி. அதுக்குத்தான் இப்ப வந்தேன். மூணு நாளா சோறு எறங்கல, பால் வத்திப் போச்சி, இவன் பசியில விரலச் சப்புறான். எங்க அவருக்கும் சொல்லல. தெரிஞ்சா அவரு கத்தியோட வந்து நிப்பாரு. ஐயா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. பொலிசு புடிச்சா பால் குடிக்கிற புள்ளயயும் கூட விடுவாங்களா? விடுவாங்கன்னா பரவாயில்ல. அதத் தெரிஞ்சிக்கணும்னுதான்.

அந்தா, படியில... இல்ல. கீழ்க் கடையில சாக்கு எறக்குறாங்க. என் உசுரே போச்சி.

ஒங்களுக்கும் சந்தேகம், இல்லிங்களா? நான் சொல்றத யாரு நம்புவா, மேனேஜரு இல்லன்னா இல்லதான், கூட்டுற பொம்பள பேச்ச எவன் எடுப்பான்னு. அதயும் நான் யோசிச்சேங்க. திங்கக்கிழமையே யோசிச்சேன். நாப்பது வச்சி முடிச்சதும் திருப்பி டெலிபோன் அடிச்சிச்சி. அவரு எழும்பிப் போனாரு. கடைசியா ஒரு கடதாசி கெடந்திச்சி, மடியில இவன். எழுத்து இங்கிலீசு, எனக்குத் தெரியாது. ஆனா நம்பரு எல்லாப் பாசையிலயும் ஒண்ணுதானேங்க? துண்டுல கொழுந்து நிறை பாத்துப் பாத்து நம்பரு நல்லா வரும் எனக்கு. மேல முப்பத்தொண்ணு, மூணு, எண்பத்தாறுன்னு அடிச்சிருந்திச்சி. எல்லாக் கடதாசியிலயும் அதே தேதிதான். கணக்கு முடியிற நாளாமே, அன்னைக்கே பாரமெடுத்த மாதிரி.

இப்ப அந்தத் தனியா வச்ச கடதாசிய எடுங்க. அழகன்னு இருக்குங்களா? எங்க அவரு பேருதான். சின்னதா இருக்குன்னுதானே எடுத்து வச்சீங்க? மேனேஜரு ஐயாங்கூடக் கேட்டாரு, ஏன்டி இத்துணூண்டா இருக்குன்னு. சுண்டு விரலுங்கன்னேன். நம்பிட்டாரு.

ஊருக்கெல்லாம் வச்சிட்டு ஒங்களுதுக்கு மட்டும் வைக்கலியான்னு வீரம்மா அக்கா கேப்பாங்க. கேக்கட்டும்.

இப்பக் கழட்டுங்கய்யா அந்தச் சொக்ஸ. மெதுவா. பெருவிரலப் பாருங்க, நகத்துக்கடியில இன்னும் ஊதா மை இருக்கு. தேங்காண்ணெய் வச்சித் தேய்க்கலாம்தான், நான் தேய்க்கல. இது பொறப்புப் பத்திரம், முந்தானையில முடிஞ்சி கொண்டாந்தேன், கொஞ்சம் கசங்கியிருக்கு. மே பதினெட்டுன்னு போட்டிருக்கு பாருங்க. மார்ச் முப்பத்தொண்ணாந் தேதி இவன் என் வயித்துக்குள்ளதாங்க இருந்தான்.

இது சப்பாத்துதான். வாறாரு. சொக்ஸ மாட்டிவிடுங்கய்யா, சீக்கிரம்.