பேர் தெரியாத லக்கேஜ்

"இது களைன்னா டிக்கெட் வேண்டாம். பயிர்னா லக்கேஜ் போடணும்," என்றார் கண்டக்டர்.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ். எனக்கு முன்னால் இருந்த எருமப்பட்டிக்காரர், உடைந்த பானையில் நின்ற செடி ஒன்றைக் காலிடுக்கில் பிடித்திருந்தார். இலையெல்லாம் கம்பளி. உச்சியில் இருந்த மஞ்சள் பூ பஸ் கூரையில் இடித்தது.

"என்னன்னு தெரியலீங்க. சேலத்து விவசாய ஆபீசுல கேக்கத்தான் கொண்டு போறேன். ஊட்டி மச்சான் முட்டைக்கோசுன்னு வெதை குடுத்தாரு. போன வருசம் பூரா எலைதானுங்க. இன்னைக்குக் கோசா உருளும், நாளைக்கு உருளும்னு தண்ணி ஊத்துனேன். இந்த வருசம் நெட்டமா எந்திரிச்சுருச்சு."

"ஆடு திங்குதா?" என்றார் கண்டக்டர்.

"மோந்து பாத்துட்டுத் தும்முதுங்க."

"அப்பக் களைதான்."

பக்கத்து சீட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினார். "எங்க மாதா கோயில்ல சூசையப்பர் சிலை கையில இருக்கிறது இதுதான். அவர் கோல் நுனியில பூ இருக்கும்."

"சாமி கையில இருந்தாக் களையில்லீங்களே," என்றார் எருமப்பட்டிக்காரர்.

"அப்ப லக்கேஜ்." டிக்கெட்டைக் கிழிக்கப் போன கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "களைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரே. சும்மா வரட்டும்."

பெரியவர் இலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கண்டக்டர் பின்சீட்டு வரை போய்த் திரும்பி வந்தபோது, பெரியவர் காசு எடுக்க இடுப்பு முடிச்சை அவிழ்த்திருந்தார்.

"லக்கேஜே போடுங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வருசமா ஊட்டுல இருந்த உசுரு. அது காதுபட அப்பிடிச் சொல்ல முடியாதுங்க."